நீ அம்மாவாகக் கதைத்த ஞாயிறுகள்

சேசு மரி சூசை துணை

கோலியர்ஸ் வுட், லண்டன்
மே மாதம், வெள்ளிக்கிழமை

அன்பான தங்கச்சி எமில்டாவுக்கு,

கர்த்தர் உன்னைக் கனடாவில் சுகத்தோடு வைத்திருப்பார் என்ற நம்பிக்கையில் அக்கா எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கே இருக்கிறோம். சுகம் என்று எழுதப் பேனை வரவில்லை. இருக்கிறோம் என்று மட்டும் எடுத்துக்கொள்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நீ யோசிப்பாய். உன் குரலைக் கேட்டுக்கொண்டு என்னால் இதைச் சொல்ல ஏலாது, பிள்ளை. நீ அந்தப் பக்கத்தில் அக்கா என்று கூப்பிட்டவுடன் எனக்கு அது அஜித்தாதான். செத்துப்போன தங்கச்சியிடமே அவள் செத்துப்போன கதையைச் சொல்வது போல இருக்கும். அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் என்ர மனுசன், உன் அத்தான், இதைப் படமெடுத்து உன் போனுக்கு அனுப்புவார். அஞ்சாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து. ஆறுதலாக வாசி.

விஷயத்தை முதலே சொல்லிவிடுகிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை நீ அஜித்தாவின் பிள்ளை ஜதுவோடு அவளுடைய அம்மாவாகக் கதைக்க வேண்டாம். அம்மா செத்துப்போனா என்று பிள்ளைக்குச் சொல்லத்தான் வேண்டும். வருகிற செவ்வாய்க்கிழமை ஜது படிக்கிற எங்கள் நேசறிப் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லப்போகிறார்கள். அதற்கு முதல் அவளுக்கு வீட்டில் சொல்ல வேண்டும். தகப்பன் சிவதர்சன் இன்னும் ஓம் என்று சொல்லவில்லை. எமில்டா ஓம் என்றால் நானும் ஓம் என்று விட்டுவிட்டார். ஆகவே இது இப்போது உன் கையில் இருக்கிறது.

ஏன் இந்த அவசரம் என்று கேட்பாய். இன்றைக்கு நடந்ததைச் சொன்னால்தான் விளங்கும்.

இன்று நேசறி பூட்டு. வருடத்தில் சில நாள் பிள்ளைகளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளைப் பார்க்கிறவர்களுக்குப் படிப்பிப்பார்கள். றெயினிங் என்பார்கள். அஜித்தா அங்கே துணைப் பொறுப்பாக இருந்தவரைக்கும் இதையெல்லாம் ஒழுங்கு செய்தது அவள்தான். யார் எந்தப் படிப்புக்குப் போக வேண்டும், யாருடைய சேட்டிபிக்கற் முடியப்போகிறது என்று அவளுக்கு எல்லாம் மனப்பாடம். குசினியில் பீன்ஸ் சூடாக்கிக்கொண்டிருக்கிற என்னையும் அவள் விடமாட்டாள். அக்கா, நீ பிள்ளை பார்க்கிற லெவல் டூ படிப்பைச் செய், செய் என்று அரிப்பாள். எனக்கு எதற்கடி என்பேன்.

இன்றைக்கும் அதைத்தான் குணசுந்தரி மிஸ்ஸிடம் கேட்டேன். அவர்தான் எங்கள் மனேச்சர். மலேசியாக்காரி, படிக்க வந்து இங்கேயே தங்கினவர். அஜித்தாவும் அவரும் எப்பவும் ஒருவரை ஒருவர் சீண்டிக்கொண்டுதான் வேலை செய்வார்கள். உங்க யாழ்ப்பாணத் தமிழுக்கு எனக்கு சப்டைட்டில் வேணும் என்பார் அவர். மன்னார் மிஸ், மன்னார், எத்தினை தரம் சொல்லுறது என்பாள் இவள். குசினியில் நிற்கிற எனக்கு எதுக்கு மிஸ் றெயினிங் என்று கேட்டதற்கு, புள்ளைங்க சாப்பாட்டு நேரத்துல உங்ககிட்டத்தானே எல்லாத்தையும் கேக்குதுங்க அக்கா, நீங்களும் வந்து உட்காருங்க என்றார். உண்மைதான். மிஸ் அஜித்தா எங்கே என்று என்னிடம் கேட்காத பிள்ளை இல்லை. இன்னும் கொஞ்சம் பாஸ்தா வேணுமோ என்று கேட்டு நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

படிப்பிக்க வந்தவ ஹெலன் என்று ஒரு வெள்ளைக்கார அம்மா. எங்களை எல்லாம் பிள்ளைகளின் சின்னக் கதிரையில் இருத்தி, பெயரை எழுதி நெஞ்சில் ஒட்டச் சொன்னா. பிறகு ஒரு விளையாட்டு. இன்றைக்கு உங்களை எந்த மிருகமாக உணர்கிறீர்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். ஒருத்தி பூனை என்றாள், ஒருத்தி வண்ணத்துப்பூச்சி என்றாள். நான் கழுதை என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

அது முடிய ஹெலன் சுற்றிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கேட்டா, உங்களில் யார் அஜித்தா, எனக்கு எத்தனை ஈமெயில் போட்டவ, முகத்தைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்று.

எமில்டா, இந்தப் படிப்பை எழுதிக் கேட்டதே எங்கள் அஜித்தாதான். போன வருடம் நேசறியில் ஒரு பிள்ளையின் தகப்பன் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டார். ஒரு மிஸ், அப்பா நட்சத்திரமாகிவிட்டார் என்றாள். இன்னொருத்தி தூரப் பயணம் போயிருக்கிறார் என்றாள். மூன்றாவது ஒருத்தி அப்பா நித்திரை என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை மத்தியானம் படுக்கவே மாட்டேன் என்று பாயைக் கண்டாலே வீரிட்டுக் கத்தும். நாங்கள்தான் அதின்ர நித்திரையைக் கெடுத்தனாங்கள், படிப்பு எங்களுக்குத்தான் வேணும் என்று அஜித்தா வீட்டில் வந்து புலம்பினாள். சின்னப் பிள்ளைகளுக்குச் சாவைப் பற்றி எப்படிச் சொல்வது என்று படிப்பிக்க ஒருவரைத் தேடிப்பிடித்து எழுதிப் போட்டாள். இடம் கிடைக்க இவ்வளவு காலம். அந்த நாள் வந்தது, கேட்டவள் இல்லை.

ஹெலனுக்கு ஒருவரும் அறிவிக்கவில்லை. பாவம், அவவில் பிழையில்லை. நாங்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு இருந்தோம். அப்போது குணசுந்தரி மிஸ் எழும்பினார். அஜித்தா ஜனவரியில் இறந்துவிட்டார், உங்களுக்கு நான் எழுதியிருக்க வேண்டும் என்று இங்கிலீசில் சொன்னார். அந்த இங்கிலீஸ் சொல் எனக்கு விளங்கும். இத்தனை மாதமாக அந்த அறையில் ஒருவரும் அதைச் சொன்னதில்லை. தைமாதம் இருந்து பிள்ளைகளிடம் மிஸ் அஜித்தா இன்றைக்கு வரமாட்டா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். இன்றைக்கு, இன்றைக்கு என்று பெரிய வெள்ளியும் போய்விட்டது.

 ஹெலன் படம் காட்டுகிற பெட்டியை நிப்பாட்டிவிட்டு எங்களோடு ஒரு சின்னக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா. சரி, அஜித்தாவைப் பற்றியே கதைப்போம் என்றா.

அப்போதுதான் குணசுந்தரி மிஸ் ஒரு கதை சொன்னார். எனக்கே தெரியாத கதை. இரண்டு கிழமைக்கு முதல் மண் விளையாடுகிற இடத்தில் ஒரு பையன் ஜதுவைப் பார்த்து உன் அம்மா செத்துட்டா என்று சொல்லியிருக்கிறான். அவனுடைய வீட்டில் உள்ளதைச் சொல்லியிருக்கிறார்கள் போல. அதற்கு ஜது, இல்லை, என்ர அம்மா கனடாவில, ஞாயிற்றுக்கிழமை கதைக்கிறவ என்றிருக்கிறாள். அவன் விடவில்லை. இரண்டு பேரும் மண்ணை அள்ளி எறிந்து சண்டை. குணசுந்தரி மிஸ் ஓடிப்போய், பிள்ளைக்குச் சொல்லமாட்டோம் என்று ஜதுவின் தகப்பனுக்குக் கொடுத்த வாக்குக்காக, அந்தப் பையனைக் கொண்டு ஜதுவிடம் மன்னிப்புக் கேட்க வைத்திருக்கிறார். உண்மை சொன்ன புள்ளையை சாரி சொல்ல வச்சிட்டேன் அக்கா, அவன் என்னையே பார்த்துக்கிட்டு சாரி சொன்னான் என்று தமிழில் என் பக்கம் திரும்பிச் சொன்னார். பெரிய பொறுப்பில் இருக்கிறவர், எல்லாருக்கும் முன்னால் மூக்கைச் சிந்தினார். இனி என்னால ஏலாது என்றார். ஏலாது என்ற சொல் அஜித்தாவிடம் பழகினது.

பிறகு ஹெலன் சொன்னதில் எனக்கு விளங்கினதை எழுதுகிறேன். பிள்ளைக்கு நித்திரை என்று சொல்லக்கூடாது, பயணம் என்று சொல்லக்கூடாது. செத்துப்போனா, உடம்பு வேலை செய்யாமல் நின்றுவிட்டது, இனித் திரும்பி வரமாட்டா என்று நேரே சொல்ல வேண்டும். அழும், உடனே விளையாடப் போகும், திரும்பவும் வந்து அதே கேள்வியைக் கேட்கும். கேட்கிற நேரமெல்லாம் அதே பதிலைச் சொல்ல வேண்டும். அப்பா அம்மா சொல்லாவிட்டால் பிள்ளை தானே ஒரு காரணம் கண்டுபிடிக்கும், அது உண்மையை விடப் பயங்கரமாக இருக்கும் என்றா.

இரண்டு இரண்டு பேராக இருந்து சொல்லிப் பழக வேண்டும். எனக்குச் சோடி கானா நாட்டு அபீனா. ஜதுவைப் பார்க்கிற பொறுப்பு அவளுக்குத்தான். அபீனா பிள்ளையாக இருந்தாள், நான் மிஸ்ஸாக இருந்தேன். என் அம்மா எங்கே என்று கேட்டாள். இங்கிலீசில் ஒரு மாதிரிச் சொல்லிவிட்டேன். இங்கிலீஸ் எனக்குக் கடைச்சாமான் மாதிரி, தூக்கிக் கொடுத்தால் சரி. தமிழில் சொல்லிப்பார் என்று நானே எனக்குச் சொல்லி வாயைத் திறந்தேன், வரவில்லை. காகம் செத்துப்போச்சு என்போம், நாய் செத்துப்போச்சு என்போம். எங்கள் ஆட்களை அப்படிச் சொல்வோமா? மோசம் போயிட்டா என்போம், கர்த்தரிட்ட போயிட்டா என்போம். கர்த்தரிட்ட போனால் எப்ப வருவா என்று ஜது கேட்பாளே. அபீனாவுக்கு இதை விளங்கப்படுத்தினேன். எங்கட நாட்டிலயும் இப்படித்தான், ஊருக்குப் போயிட்டார் என்று சொல்லுவினம் என்று அபீனா சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து தர்சனோடு கதைத்தேன். வேர்ஹவுஸ் ஷிப்ட் முடிந்து வந்து சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் இருந்தார். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் அக்கா, இப்பத்தான் பிள்ளை நல்ல பிள்ளையா இருக்கிறாள், ஒரு சத்தமில்லை, ஒரு குழப்படியில்லை என்றார். அது உண்மை. நேசறியிலும் கோயிலிலும் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். ஒரு நாலு வயதுப் பிள்ளை பூசை முழுக்க வாய் திறக்காமல் இருக்கிறாள். எனக்கு அது பிடிக்கவில்லை.

நீயும், பிள்ளை கோயிலில முதல் நன்மை வாங்கிற வயதுக்கு வரட்டும் அக்கா, வளர்ந்த பிறகு சொல்லுவம் என்று சொன்னாய். யாரையும் குற்றம் சொல்ல எழுதவில்லை, எமில்டா. செத்தவீட்டன்று பிள்ளையைச் சட்டன் பக்கம் இருக்கிற கோயில் ஆட்கள் வீட்டில் விட்டோம். சின்னப் பிள்ளையைப் பிரேதத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோவதில்லை என்பது எங்கள் வழக்கம்தானே. திரும்பி வந்து அம்மா எங்கே என்று கேட்டாள். தர்சன் தன் வாய்க்கு வந்ததைச் சொன்னார், கனடாவுக்குச் சித்தி வீட்டுக்குப் போயிட்டா என்று. அடுத்த நாள் நீ போன் எடுக்க அவளே ஓடிப்போய்த் தூக்கினாள். அம்மாவோ என்று கேட்டாள். நீ ஓம் குஞ்சு என்றாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த முகத்தைப் பார்த்திருந்தால் யாராக இருந்தாலும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

நீ அகதி வழக்கு முடியாமல் அங்கே மாட்டுப்பட்டிருக்கிறாய். அஜித்தாவைப் பெட்டியில் நீ பார்க்கவில்லை. சேமக்காலையில் மண் போடவில்லை. நீ போனில் அவளாகக் கதைக்கும்போது உனக்கும் அவள் உயிரோடு இருக்கிறாள் என்று எனக்கு விளங்குகிறது. ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் மற்ற நாளெல்லாம் வேலைக்குப் போறன் அக்கா என்று நீ ஒரு நாள் சொன்னதை நான் மறக்கவில்லை. உன்னிடம் இருந்து நான் எதைப் பிடுங்கக் கேட்கிறேன் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

நாளைக்குச் சனிக்கிழமை. தர்சனுக்கு வேலை இல்லை. நீ ஓம் என்று ஒரு சொல் அனுப்பு, காணும்.

தாயார் மடுமாதா உன்னைத் தன் சீலைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும்.

உன் அக்கா,
லூர்தம்மா


சேசு மரி சூசை துணை

கோலியர்ஸ் வுட், லண்டன்
அடுத்த வியாழக்கிழமை

என் தங்கச்சி எமில்டாவுக்கு,

இந்தக் கடிதம் உன்னைக் கோபமில்லாத மனதோடு சந்திக்க வேண்டும் என்று மன்றாடிக்கொண்டு எழுதுகிறேன். சொல்லுங்கோ என்று நீ அனுப்பின ஒரு சொல் வந்தது. அதற்குப் பிறகு நான் எடுத்த ஒரு போனுக்கும் உன் பதில் இல்லை. தர்சன் எடுத்தார், அத்தான் எடுத்தார். மணி அடித்து அடித்து நிற்கிறது. நீ வேலைக்குப் போகிறாய் என்று உன்னோடு அறையில் இருக்கிற பிள்ளை சொன்னாள். உயிரோடு இருக்கிறாய் என்று மட்டும் தெரிந்துகொண்டோம்.

நடந்ததைச் சொல்கிறேன். நீ கேட்காவிட்டாலும் உனக்குத் தெரிய வேண்டும்.

சனிக்கிழமை காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு மேசையில் வைத்தே சொன்னோம். தர்சன்தான் சொல்வதாக இருந்தது. ஜதுவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அம்மா என்று தொடங்கினார். அதற்கு அங்காலே வரவில்லை. திரும்பவும் அம்மா என்றார். மூன்றாம் தரம் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். ஜது, அம்மா செத்துப்போனா. அம்மாவின்ர உடம்பு வேலை செய்யாமல் நிண்டிட்டுது. அவ இனித் திரும்பி வரமாட்டா. அஜித்தாவை நான் அப்படிச் சொல்வேன் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. என் நாக்கு என்னுடையது போல இருக்கவில்லை.

ஜது அழவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, கனடாவிலயோ செத்தவ என்று கேட்டாள்.

இல்லை பிள்ளை, இஞ்சதான், லண்டனில, ஆஸ்பத்திரியில, நீ சட்டனில ஆன்ரி வீட்டில நிண்டனீயே, அதுக்கு முதல் என்றேன். அப்ப அம்மா கனடாவுக்குப் போகேல்லையோ என்றாள். போகேல்லை, அப்பா பிழையாச் சொல்லிப்போட்டன் என்று தர்சன் வாய் திறந்தார். அப்ப போனில கதைச்சது ஆர் என்று கேட்டாள். அது உன்ர எமில்டா சித்தி, அம்மாவின்ர தங்கச்சி, அம்மா மாதிரியே குரல் என்றேன். நீ பொய் சொன்னாய் என்று நான் சொல்லவில்லை. எல்லாரும் கவலையில அப்படிச் செய்துபோட்டம் என்று சொன்னேன். அவள் தகப்பனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், யோகட் வேணும் என்றாள். கொடுத்தேன். அதைக் கோப்பையோடு வழித்துச் சாப்பிட்டுவிட்டு ரிவி போடச் சொன்னாள். தர்சன் என்னிடம், பிள்ளைக்கு விளங்கேல்லைப் போல அக்கா என்றார். இப்படித்தான் இருக்குமாம், பொறுங்கோ என்றேன். ஹெலன் சொன்னது ஞாபகத்தில் இருந்தபடியால்தான் நானும் பொறுத்தேன். இல்லாவிட்டால் நானே இன்னொரு தரம் சொல்லிக் குழப்பியிருப்பேன்.

பின்னேரம் குளிக்கவார்க்கும்போது கேட்டாள். முகத்தில் சோப்போடு, கண்ணை மூடிக்கொண்டு, நான் சத்தம் போட்டதாலதானே என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு ஞாபகம் வந்தது. அஜித்தாவுக்குத் தலையிடி வந்த அன்றைக்கு இவள் பானை மூடி இரண்டை வைத்து அடித்து விளையாடியிருக்கிறாள். சத்தம் போடாதை பிள்ளை, அம்மாவுக்குத் தலை வெடிக்குது என்று அஜித்தா சொன்னதைத் தர்சன் அப்பவே எங்களுக்குச் சொன்னவர். அதற்குப் பிறகுதான் அம்புலன்ஸ் வந்தது. பிள்ளை இவ்வளவு நாளும் தன் சத்தம் தாங்காமல்தான் அம்மா கனடாவுக்குப் போனவ என்று நினைத்திருக்கிறாள். அதனால்தான் அந்த அமைதி. அதைத்தான் நாங்கள் எல்லோரும் நல்ல பிள்ளை, நல்ல பிள்ளை என்று புகழ்ந்தோம்.

எமில்டா, இதையும் எழுதாமல் விட நினைத்தேன். நீ பிறகு வேறு யாரிடமாவது கேட்டால் இன்னும் நோகும். அவள் உன்னோடு போனில் கதைக்கும்போது, அம்மா நான் இப்ப சத்தம் போடுறேல்லை என்று ஒவ்வொரு கிழமையும் சொல்லுவாளே. நீ என்ர நல்ல பிள்ளை என்பாய். வேறு என்னத்தைச் சொல்வாய்? எனக்கும்தான் அது கேட்டது. வீட்டில் இருந்த ஒருவருக்கும் விளங்கவில்லை. உனக்கு அங்கே இருந்துகொண்டு எப்படி விளங்கும்? இதைச் சுமந்துகொண்டு திரியாதே. உனக்கு அக்கா சொல்கிறேன், உன்னில் பிழை இல்லை.

அவளைத் துவாயால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன். சத்தத்தால ஒருத்தரும் சாகிறேல்லை. அம்மாவின்ர தலைக்குள்ள ஒரு ரத்தக்குழாய் வெடிச்சது, அது நீ பிறக்க முதலே பழுதாப்போய் இருந்ததாம் எண்டு டொக்டர் சொன்னவர். பானை மூடி அடிச்சாலும் வெடிச்சிருக்கும், அடிக்காட்டியும் வெடிச்சிருக்கும். அப்போதுதான் அழுதாள். துவாய் முழுக்க நனைந்தது. தர்சன் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டு நின்றவர். அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். உன் அத்தான் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு வந்து, எல்லாரும் அழுங்கோ, ஆனா ஆறமுதல் இதைக் குடிச்சிட்டு அழுங்கோ என்று வைத்துவிட்டுப் போனார். அந்த மனுசன் அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு சேமக்காலைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அம்மா இஞ்சயோ, கீழயோ, அவவுக்குக் குளிராதோ என்று கேட்டுக்கொண்டு நின்றாள். உடம்பு வேலை செய்யாட்டிக் குளிரும் தெரியாது என்றேன். வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்துக்கொண்டுபோய்ச் சோபாவில் இருந்தாள். நீ எடுக்கிற நேரம் அவளுக்குத் தெரியும். மணி அடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நேசறியில் சொன்னார்கள். குணசுந்தரி மிஸ் பிள்ளைகளைச் சின்னக் கூட்டமாக இருத்தி, மிஸ் அஜித்தாவின் படத்தை வைத்துச் சொன்னார். சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டிய சொல்லையே சொன்னார். நான் சட்டியைக் கழுவாமல் குசினிக் கதவில் நின்று பார்த்தேன். ஜது அபீனாவின் மடியில் இருந்தாள். ஒரு பிள்ளை என்னவோ கேட்க, அவ என்ர அம்மா, எனக்குத்தான் முதல் தெரியும் என்று இங்கிலீசில் சொன்னாள், பெருமையாக. முடிந்த பிறகு குணசுந்தரி மிஸ் அந்தப் பையனிடம் போய் முழங்காலில் இருந்து, அன்றைக்கு நீ சொன்னது சரி, நான்தான் பிழை என்று மன்னிப்புக் கேட்டார். அவன் சரி என்றுவிட்டு லொறியை உருட்டினான். இவ்வளவுதான் ஒரு பிள்ளைக்கு. எங்களுக்குத்தான் இத்தனை மாதம்.

பிறகு குசினிக்குள் வந்து குணசுந்தரி மிஸ் தண்ணீர் குடித்தார். அஜித்தா இருந்திருந்தா என்னைவிட நல்லா சொல்லியிருப்பா இல்லக்கா என்றார். ஓம் என்றேன். என்ன செய்ய, அது உண்மை. செப்ரெம்பரில் உங்களை லெவல் டூ படிப்புக்குப் போடவா என்றும் கேட்டார். கொஞ்சம் பொறுங்கோ மிஸ், களைப்பாக் கிடக்கு என்றேன். மாட்டேன் என்று சொல்லவில்லை.

இப்போது வீட்டில் சத்தம். ஜது கரண்டியால் மேசையில் அடிக்கிறாள், கதவை அறைகிறாள், ராத்திரி என்னைக் கடித்தாள். அம்மா எப்ப வருவா என்று இன்னமும் கேட்கிறாள். வரமாட்டா என்று நான் சொல்ல, தெரியும் என்கிறாள். பிறகும் கேட்கிறாள். நான் களைத்துப்போனேன், எமில்டா. ஆனாலும் இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருக்கலாம். அந்த அமைதியைக் கேட்க ஏலாது.

நேற்று சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று, சித்தியும் செத்துப்போனாவோ என்று கேட்டாள். இல்லையடி என்று கத்தியே விட்டேன். அப்ப ஏன் கதைக்கிறேல்லை என்றாள். வேலையாக இருப்பா என்று சொல்ல வாய் வந்தது. நிறுத்திக்கொண்டேன். இனி அந்த மாதிரிச் சொல்லுகளை இந்த வீட்டில் கதைப்பதில்லை என்று தர்சனும் நானும் முடிவு செய்திருக்கிறோம். சித்திக்கு அழுகை வருகுது போல, அதுதான் எடுக்கேல்லை என்றேன். அவள் கொஞ்ச நேரம் சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்தாள். சித்தி அம்மா மாதிரிக் கதைக்கத் தேவையில்லை, சித்தி மாதிரிக் கதைக்கலாம் என்று சொல்லுங்கோ என்றாள்.

அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உனக்கு வெட்கமாக இருக்கும். பயமாகவும் இருக்கும். பிள்ளை உன்னைப் பார்த்து ஏன் பொய் சொன்னனீங்கள் என்று கேட்டால் என்ன செய்வது என்று நினைத்துத்தான் நீ எடுக்கவில்லை, எனக்குத் தெரியும். கேட்கத்தான் செய்வாள். என்னிடம் கேட்டாள், தகப்பனிடம் கேட்டாள், உன்னிடமும் கேட்பாள். எனக்கு அம்மாவில விருப்பம், உன்னிலயும் விருப்பம், அதுதான் அப்படிச் செய்தனான் என்று சொல். அவள் அதைக் கேட்டுவிட்டு யோகட் கேட்பாள். நாலு வயதுக்காரி உன்னை வைத்து விசாரணை நடத்தமாட்டாள்.

நீயும் இப்போதுதான் அஜித்தாவை அடக்கம் செய்கிறாய், பிள்ளை. எங்களுக்குத் தைமாதம் நடந்தது உனக்கு இந்தக் கிழமைதான் நடந்திருக்கிறது. தனியே இருந்து அழாதே. ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஒரு சாவு காணும். நீ எடுக்காமல் விட்டால் அவளுக்கு இரண்டாவதாக ஒன்று நடக்கும், அதற்கு நான் என்ன பதில் சொல்வது?

இந்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் போனை அவள் கையில் கொடுப்பேன். அவளே உனக்கு எடுப்பாள். நீ தூக்கு. ஒன்றும் சொல்ல வராவிட்டால் அழு. சித்தி அழுகிறா என்று நான் அவளுக்குச் சொல்லுவேன், அவளுக்கு விளங்கும். இப்போது எங்கள் வீட்டில் அதைச் சொல்லலாம்.

மடுமாதா உன் பக்கத்தில் இருந்து உன் கையைப் போனடிக்குக் கொண்டுபோவாளாக.

உன் அக்கா,
லூர்தம்மா